தோலும் மின்சாரமும்

காட்பாடியில் இசைத்தட்டு நிறுவனம் எதுவும் பெயரெடுத்ததில்லை. ரயில் சந்திப்பு உண்டு, வி.ஐ.டி. உண்டு, தெற்கே பாலாற்றைக் கடந்தால் வேலூர், மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகள். இந்த வட்டாரத்தில் தைக்கிற ஷூ ஐரோப்பியக் கம்பெனியின் பெயரைத் தாங்கிக்கொண்டு கப்பலேறுகிறது. பச்சைத் தோலைப் பதம் செய்தவர், வெட்டியவர், தைத்தவர் யாருடைய பெயரும் அதில் இருக்காது. ஷூவுக்கு அவ்வளவு போதும் என்று எல்லோரும் இருந்துவிடுகிறோம். பாட்டுக்கும் அது போதுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வியை எழுப்பிய ஊர் அரக்கோணம். காட்பாடியிலிருந்து சென்னை மார்க்கத்தில் சுமார் 60 கிலோமீட்டர். 2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. பாடகர் அறிவு இந்த ஊர்க்காரர். 2021 மார்ச் 7 அன்று பாடகி தீயும் அவரும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியானது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. வெளியிட்டது ‘மாஜா’ என்ற புது நிறுவனம். கனடாத் தமிழர்கள் முன்னின்று தொடங்கியது, ஏ.ஆர். ரகுமானின் ஆதரவு பெற்றது, தெற்காசியச் சுயாதீனக் கலைஞர்களுக்கான மேடை என்று தன்னை அறிவித்துக்கொண்டது. பாட்டின் வேரில் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மலையகத்திலிருந்து லட்சக்கணக்கானவர்களை இங்கே அனுப்பிவைத்தது.

பாட்டு கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்த வேகத்திலேயே பெயர்ச் சண்டையும் வந்துசேர்ந்தது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இதே பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. அடுத்த சில நாட்களில் அறிவு தன் பங்கு என்ன என்று எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் விளக்கத்தை எழுதினார்கள். 2024 மார்ச்சில், பாட்டுக்கு மூன்று வயது நிறைந்தபோது, இதுவரை அதிலிருந்து ஒரு காசும் தனக்கு வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகச் சொன்னார். அது அவர் தரப்பு. எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுத நான் உட்காரவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட ஒரு பாட்டுக்குச் சொந்தக்காரர் யார், கூலி யாருக்கு என்று மூன்று வருடம் கழித்தும் தெரு அறியப் பேச வேண்டியிருந்தது என்பதே எனக்குப் போதுமான செய்தி.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. சிறு நிறுவனங்களின் மின்னணு இசை, குறிப்பாக டப், பிறந்த இடத்திலேயே இது பிறந்துவிட்டது. அதற்காகக் கொஞ்சம் ஜமைக்கா போய்வர வேண்டும்.

1950-களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளுக்கு வானொலியில் தங்கள் இசை கிடைக்கவில்லை. தெருவிலும் திறந்த வெளியிலும் ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர்களை அடுக்கி, சொந்தமாகக் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் இசைத்தட்டு ஓட்டியவர்கள்தான் அவர்களுடைய வானொலி. இதற்குப் பெயர் சவுண்ட் சிஸ்டம். டியூக் ரீட், காக்ஸன் டாட் ஆகிய இரண்டு முதலாளிகளும் முதலில் இப்படி ஸ்பீக்கர் அடுக்கியவர்கள். பிறகு சொந்த ஒலிப்பதிவுக்கூடம் வைத்துத் தட்டு வெளியிட்டவர்கள். 1960-களின் கடைசியில் டியூக் ரீடின் கூடத்தில் ஒரு பாட்டின் சோதனைத் தட்டை வெட்டும்போது குரல் விடுபட்டுப்போனது. ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரர் அந்தக் குரலில்லாத் தட்டை ஸ்பானிஷ் டவுனில் ஓட்டினார். கூட்டம் தானே பாட ஆரம்பித்தது. அதிலிருந்து ஒவ்வொரு தட்டின் பின்பக்கத்திலும் குரலை எடுத்துவிட்ட இன்னொரு வடிவம் வரத் தொடங்கியது.

அதை டப் என்ற கலையாக்கியவர் கிங் டப்பி. ரேடியோ, மின்சாதனம் பழுதுபார்க்கும் ஆள். வாட்டர்ஹவுஸ் பகுதியில் வீட்டிலேயே சிறிய கலவைக்கூடம் வைத்தார். யாரோ வாசித்து யாரோ பாடிய நாடாவை வாங்கி, டிரம்மையும் பேஸையும் மட்டும் நிறுத்தி, கிட்டாரை ஒரு விநாடி எட்டிப்பார்க்க விட்டு, குரலின் ஒரு துண்டை எக்கோவில் போட்டு அது தேய்ந்து மறையும்வரை விட்டுவிடுவார். இசைக் கருவி எதையும் தொடாமல், கலவைப் பலகையையே கருவியாக வாசித்தவர். அகஸ்டஸ் பாப்லோவோடு அவர் சேர்ந்த 1976-ம் ஆண்டுத் தொகுப்பு இன்றும் டப்பின் உச்சமாகப் பேசப்படுகிறது. லண்டனில் ஆன்-யு சவுண்ட் போன்ற சிறு நிறுவனங்கள் கிளம்பியது இந்த மரபிலிருந்துதான். இன்றைய மின்னணு நடன இசையில் குரல் அறுந்து, பேஸ் மட்டும் மார்பில் இடிக்கும் இடமெல்லாம் டப்பியின் வீட்டுக்கடன்.

நம் ஊரில் இதற்கு மிக நெருங்கிய உறவு மைக் செட். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடித் திருவிழா, சாவு எதுவானாலும் முதலில் வந்து இறங்குவது சவுண்ட் சர்வீஸ்தான். ஆஹுஜா ஆம்ப்ளிஃபயர், புளிய மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், ‘எக்கோ கொஞ்சம் ஏத்துப்பா’ என்று கேட்டு வாங்கிய மைக். அமெரிக்க இசை ஆய்வாளர் பால் கிரீன், தமிழகக் கிராமத்தில் பக்தி கேசட்டைப் போடுவதே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதல் என்று 1999-ல் எழுதினார். போடுகிறவர் எந்தப் பாட்டை, எந்த நேரத்தில், எவ்வளவு சத்தமாக, எந்தத் திசையில் விடுகிறார் என்பதெல்லாம் அதில் சேர்த்தி. கிங்ஸ்டன்காரருக்கு இதை விளக்கவே தேவையிருக்காது.

உறவு முறியும் இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜமைக்காவில் ஸ்பீக்கர் வைத்திருந்தவர் பாட்டு தயாரிப்பவராக மாறினார். இங்கே மாறவில்லை, மாற வேண்டிய அவசியமே வரவில்லை. சினிமா தயாராகப் பாட்டைக் கொடுத்தது. மைக் செட்காரர் கடைசிவரை விநியோகஸ்தராகவே இருந்துவிட்டார். கேசட் காலத்தில் ஊருக்கு ஊர் முளைத்த ரெக்கார்டிங் சென்டர்களும் அப்படியே. தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பிடித்துத் தருவார்கள். புதிதாக எதையும் பதிவதில்லை. கோயில் விழாப் பாட்டுகளும் சென்னைக் கானாவும் தவிர, சினிமாவுக்கு வெளியே தட்டு வெளியாவது குறைவுதான். அந்நிய நாடுகளில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்றால் பெரிய நிறுவனங்களுக்கு எட்டாத இசை. தமிழில் சினிமாவுக்கு வெளியே இருப்பதெல்லாம் அதுவாகிவிடுகிறது.

இன்னொரு வேறுபாடு ஒலியிலேயே இருக்கிறது. குழாய் ஸ்பீக்கருக்கு அடித்தொனி வராது. குரலையும் நாகசுரத்தையும் நாலு வயல் தாண்டி எறியும். பேஸ் அதன் தொண்டைக்குள் இறங்காது. கிங்ஸ்டனில் பேஸைக் கொடுத்தது பெட்டி ஸ்பீக்கர். நம் ஊர்த் திருவிழாவில் மின்சாரம் குரலைப் பார்த்துக்கொண்டது, அடித்தொனியைத் தோல் பார்த்துக்கொண்டது. ஆட்டத்தை நடத்தியது தோல்தான்.

வட ஆர்க்காட்டுத் தோல் என்றால் பதனிட்டு ஏற்றுமதியாகும் தோல் மட்டும் நினைவுக்கு வருவது நம் படிப்பின் குறை. தஞ்சைப் பக்கம் பெரிய மேளம் என்றால் நாகசுரமும் தவிலும். வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் அதே பெயர் தலித் கலைஞர்களின் தோற்கருவிக் கூட்டிசைக்கு. தப்பு அதில் தலைமை வகிக்கும். வைக்கோலிலோ காகிதத்திலோ தீ மூட்டிக் காய்ச்சித் தோலை விறைப்பாக்கி, ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிண்டுக்குச்சி பிடித்து வாசிப்பார்கள். ஒன்று கனத்த அடி, மற்றது மெல்லிய விசிறல். அங்காளம்மன், மாரியம்மன் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் சிலம்பும். உருமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். சுரம் வழுக்கிக்கொண்டு உறுமும். 1980-களில் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சின்னப் பெட்டி, பேஸ் சுரங்களை இப்படி வழுக்க விட்டுத்தான் ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகைக்கே முகம் கொடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தோல் கடலும் தாண்டியிருக்கிறது. மதராஸ் துறைமுகம் வழியாக ஃபிஜிக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் கணிசம். கரீபியக் கரையில் கயானாவில் தமிழ் வழித்தோன்றல்கள் காளியம்மன் பூசையில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள், அதே பெயரைச் சொல்லித்தான். 1845 முதலே ஜமைக்காவிலும் இந்தியக் கூலிகள் இறங்கினார்கள். அதனால் டப் நம்மிடமிருந்து போனது என்று முடிச்சுப் போட ஒரு கூட்டம் ஓடிவரும். வீண் வேலை. இரண்டு இடத்திலும் கரும்புத் தோட்டத்து உழைப்பாளிகள் இருந்தார்கள், இரண்டு இடத்திலும் அவர்களிடம் மிஞ்சியது மேளம். அதுவரைதான் சொல்லலாம்.

மின்சாரத்தின் பக்கம் இந்தியாவின் கதை, புதைத்துவைத்துப் பிறகு தோண்டிய கதை. 1969-ல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். சில ஆண்டுகள் அங்கே மின்னணு இசை நடந்தது. பிறகு நாடாக்கள் அலமாரியில் தூங்கின. லண்டன்காரரான பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்து, 2023-ல் தொகுப்பாக வெளிவரச் செய்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்ற பெயர்கள் ஐம்பது வருடம் கழித்து உறையில் ஏறின. 1982-ல் பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், டிபி-303, டிஆர்-808, ஜுபிட்டர்-8 மூன்றையும் இணைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து எச்.எம்.வி.யில் வெளியிட்டார். விற்கவில்லை. சிகாகோவில் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற ஆசிட் ஹவுஸ் தட்டு வந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1987-ல். 2010-ல் பாம்பே கனெக்‌ஷன் என்ற டச்சுச் சிறு நிறுவனம் மறுபதிப்புச் செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் 2015-ல் இறந்தார். நல்லவேளை, அதற்கு முன் சில வருடங்கள் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டுப் போனார்.

சென்னையில் மின்னணு இசை சினிமா வழியாகவே நுழைந்தது. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி வழி இசையைப் பயன்படுத்தியது அன்றைக்குப் பெரிய செய்தி. அந்தக் காலத் தட்டு உறைகளில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர் இருக்கும். கீபோர்டு விஜி மானுவல், டிரம்ஸ் புருஷோத்தமன் போன்றவர்களின் பெயர் அநேகமாக இருக்காது. அவர்களின் விரல்களை மனப்பாடமாக அறிந்த ரசிகர்கள் பெயரைத் தெரிந்துகொண்டது பிற்காலத்தில், பேட்டிகள் வழியாக.

ஊர்ப் பக்கம் மின்னணு இசைக்கு முகம் கேசியோ. தேவாலயத்திலும் மெல்லிசைக் கச்சேரியிலும் எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் கேசியோதான். ஜமைக்காவின் இசையை மாற்றியதும் அதே கேசியோ. 1985-ல் வெய்ன் ஸ்மித் பாடி கிங் ஜாமி வெளியிட்ட ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பாட்டின் தாளம், எம்டி-40 என்ற மலிவுக் கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் தாளம். அதன்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்தன. தாளத்தை அமைத்தவர் ஒகுதா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண், கேசியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தது. அவர் பெயர் வெளியுலகுக்குத் தெரியப் பல ஆண்டுகள் பிடித்தன.

தமிழில் தோலும் மின்சாரமும் ஒரே தட்டில் முறையாக மோதிக்கொண்டது லண்டன் வழியாக. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், ரோலண்ட் எம்சி-505 பெட்டியை வைத்துக்கொண்டு செய்த ‘கலாங்’ 2003-ல் ஷோபிஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் வெறும் 500 தட்டுகளாக வந்தது. அந்த 500 தட்டுதான் கைமாறிக் கைமாறி அவரை எக்ஸ்எல் நிறுவனத்துக்குக் கொண்டுபோனது. 2007-ல் தாயின் பெயர் சூட்டிய ‘கலா’ தொகுப்புக்குச் சென்னை வந்து உருமி, மேளக் கலைஞர்களைப் பதிந்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாட்டுகளின் முதுகெலும்பு அந்த மேளம். உலகப் பத்திரிகைகள் தொகுப்பைக் கொண்டாடின, எம்.ஐ.ஏ. பெயரும் உடன் தயாரித்தவர்கள் பெயரும் எல்லோருக்கும் தெரியும். அந்த மேளக்காரர்களில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் தீவிர ரசிகரும் விழிப்பார்.

அறிவும் அவர் தோழர்களும் வந்தது இந்த இடத்தில்தான், அதனால்தான் அவர்கள் வருகை பெரிது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை ஏறியது. பெயருக்கு முன்னோடி அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற எண்ணம். மேளக்காரர் பின்வரிசையில் நிற்காமல் ராப் பாடகருக்குச் சமமாக முன்வரிசையில் நின்ற குழு அது. 2019-ல் அறிவும் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் ‘தெருக்குரல்’ வெளியிட்டார்கள். சினிமாவும் பெரிய கம்பெனியும் வேண்டியிருக்கவில்லை. கணினித் தாளம், அடிவயிற்றில் இறங்கும் பேஸ், அரக்கோணத்து வாய். வடமாவட்டப் பேச்சு கேலிக்குரியதாக மட்டுமே சினிமாவில் வந்துகொண்டிருந்த காலத்தில் அது கோபத்தின் மொழியாக ஒலித்தது. என் கணிப்பில் ‘என்ஜாய் எஞ்சாமி’யைவிடக் கூர்மையான வேலை அது. பிற்பாடு தன் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே அவர் பெயர் வைத்ததில் எனக்கு வியப்பில்லை. முதல் வரவில் யாருடைய பெயர் தேய்ந்ததோ அதைத் தலைப்பிலேயே ஏற்றினார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜமைக்காவுக்குச் சொந்தமாக ஒரு காப்புரிமைச் சட்டம் வந்தது 1993-ல். அதுவரை 1911-ம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம். டப்பின் பொற்காலம் முழுக்க அதற்குள் முடிந்துவிட்டது. அன்றன்றைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போன வாத்தியக்காரரின் பேஸ் வரி நூறு பாட்டில் ஓடியது. பணம் தயாரிப்பாளரோடு நின்றது. அமெரிக்காவிலும் இதே கதை. 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரிகோரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம் துண்டு, ஜங்கிள் என்ற இசைவகை முழுவதற்கும் அஸ்திவாரம். எண்ணற்ற சிறு நிறுவனங்கள் அதை வெட்டி ஒட்டித் தட்டு போட்டன. கோல்மன் 2006-ல் வீடின்றி இறந்தார். சுயாதீன நிறுவனம் என்றாலே நியாயமான நிறுவனம் என்று நம்புகிறவர்கள் இந்த ஒன்றை யோசித்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் 1957-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சினிமாப் பாட்டுக்குத் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ண ஐயர், பாடுகிறவருக்கு உரிமையே இல்லாமலிருப்பதைத் தனிக் குறிப்பாக எழுதிவைத்தார். நிகழ்த்துகிறவர் உரிமை 1994-ல் சட்டத்தில் நுழைந்தது. 2012 திருத்தம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு கொடுத்து, அதை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று கட்டியது. நிகழ்த்துகிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றது. பம்பைக்காரரும் இதன்படி நிகழ்த்துகிறவரே. ஆனால் அவர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், பதிவில் இல்லாவிட்டால், உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். ஒப்பாரி மெட்டுக்கும் பெரிய மேளத்து அடிக்கும் தனி ஆசிரியர் கிடையாது என்பதால், அவற்றை எடுத்துப் புதுப் பாட்டுச் செய்பவர் முழு உரிமையையும் தன் பெயரில் பதிந்துகொள்ளச் சட்டம் தடுப்பதில்லை. நம் வட்டாரத்துக்கு இதுதான் பெரிய ஓட்டை.

பெயரில்லாமல் போவது மேடையில் மட்டும் நடப்பதல்ல. மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் 2020-ல் வந்தது. வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றதும் அப்போதுதான். தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, மூட்டி, சுருதி கூட்டுகிறவரின் பெயரைச் சொல்வதே ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு செய்தியாகிறது. பதனிடுகிற ஊர்களைச் சுற்றியே இன்று பிளாஸ்டிக் தோல் மாட்டிய தப்புகள் வந்துவிட்டன. மழைக்குப் பயமில்லை, தீ காய்ச்ச வேண்டாம். அதன் ஒலி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாசிப்பவர் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டதை மரபின் பெயரால் கண்டிக்க எனக்கு உரிமை இல்லை.

இன்று காட்பாடியில் ஒரு விடுதி அறையிலோ குடியாத்தத்தில் ஒரு மாடி அறையிலோ மடிக்கணினியை வைத்துக்கொண்டு நாலு பாட்டை உலகத்துக்கு வெளியிடுவது பெரிய காரியமில்லை. தட்டு அச்சடிக்க வேண்டாம், கம்பெனி வாசலில் நிற்க வேண்டாம். அப்படி வெளியிடப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒலிப்பதிவு அன்றே, சாப்பாட்டுக்கு முன்பே, ஒரு தாளில் எழுதுங்கள்: யார் பாடினார், யார் எந்தக் கருவி வாசித்தார், மெட்டு எந்த ஊரில் யாரிடம் கேட்டது, யாருக்கு எத்தனை பங்கு. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்; படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கவிஞரும் இசையமைப்பாளரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேரலாம், பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் இஸம்ரா இருக்கிறது. இணையத்தில் பாட்டை ஏற்றும்போது பங்களித்தவர் பெயருக்கென்று கட்டங்கள் வரும். அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போகாமல், தப்பு வாசித்தவரின் பெயரை அவர் சொல்கிறபடி, தமிழில், முழுதாக நிரப்புங்கள்.